எதிரி காக்கா

ஐம்பதை நெருங்கும் வயதில், நான் ஒரு பிறவிப் போர்வீரன் என்று சில வாரங்கள் மனதார நம்பினேன். அதற்குக் காரணமான மனிதரைப் போல அழகாகச் சாகத் தெரிந்தவர் பம்பாயிலேயே கிடையாது.

விக்ரோலியில் எங்கள் வீடியோ கேம் கம்பெனி. ஒருவர் தனியாக உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டுகள் தயாரித்தோம். வில்லனின் அடியாட்களுக்கு வசனம் எழுதுவது நான். அவர்கள் எப்படி நடப்பது, எப்படி அடிவாங்கி விழுவது என்று தீர்மானிப்பது அவர். காயல்பட்டினத்துக்காரர், அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். ஆபீஸ் அவருக்கு வைத்த பெயர் எதிரி காக்கா.

ஒவ்வொரு அடியாளுக்கும் குடும்பம் வேண்டும் அவருக்கு.

"இந்தக் காவக்காரனுக்குப் பொண்டாட்டி உண்டா ஓய்?"

"காக்கா, அவன் படி இறங்கினதும் செத்துருவான்."

"அதனாலதான் கேக்கேன். வூட்டுல ஆளிருந்தா மெதுவாத்தான் விழுவான்."

சொன்ன கையோடு வராந்தாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக விழுந்து காட்டுவார். டீக்காரர் தட்டோடு அவரைத் தாண்டிப் போவார். இன்ஷூரன்ஸ் விற்க வந்த ஒருவர் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, வந்த விஷயத்தைப் பேசாமலே போய்விட்டார்.

ஒருநாள் முதலாளி முடிவெடுத்தார். இனி கதை கிடையாது. ஊரெல்லாம் கூடி ஒருவரையொருவர் சுட்டுத் தள்ளும் மல்டிபிளேயர்தான்.

"எதிரி இனிமே ஃப்ரீ, அங்கிள். ஆடுறவனே ஆடுறவனுக்கு எதிரி" என்றான் இளம் மேனேஜர்.

"அப்ப வசனம்?"

"கெட்ட வார்த்தை அவங்களே பேசிப்பாங்க. அதுவும் ஃப்ரீ. டென்ஷன் மத் லோ, கவலைப்படாதீங்க."

பிறகுதான் குண்டைப் போட்டான். எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் இனி இடம். ஊழியர்கள் எல்லோரும் புனைபெயரில் புது ஆட்டத்தை ஆட வேண்டும். மாதக் கடைசியில் எங்களில் யார் புள்ளிகளில் மேலே இருக்கிறோமோ அவருக்கு வேலை.

கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பயோடேட்டா எழுத முயன்றேன். 'திறமைகள்' என்ற இடத்தில் 'டேய், விடாதே, பிடி' என்பதைத் தாண்டி ஒன்றும் தோன்றவில்லை. ரயிலில் போனை வைத்துப் பழகினேன். குர்லாவில் ஏறினால் காட்கோபர் வருவதற்குள் பலமுறை செத்திருப்பேன்.

திடீரென்று ஜெயிக்க ஆரம்பித்தேன். ஆபீஸ் ஆட்டத்தில் எந்தப் பெயரில் எவன் வந்தாலும் என் குண்டுக்கு விழுந்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன். காக்காவுக்கு உபதேசம்கூடச் செய்தேன்.

"உங்களுக்குக் கை வேகம் போயிடுச்சு, காக்கா."

"வயசாயிட்டுல்லா ஓய்" என்றார்.

மாதக் கடைசியில் அவரை அனுப்பிவிட்டார்கள். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, வராந்தாவில் விழாமல், நேராக நடந்து போனார்.

கொஞ்ச நாள் கழித்து அவரைப் பார்க்கத் தாராவிக்குப் போனேன். தன் மச்சான் தோல் பை விற்கும் கடையில், பைகளுக்குள் காகிதம் திணித்துக்கொண்டிருந்தார். அவர் மனசு லேசாகட்டும் என்று போனில் ஓர் ஆட்டம் போடக் கூப்பிட்டேன். விட்டுக்கொடுப்பதாகவும் முடிவு செய்திருந்தேன்.

நான் துப்பாக்கியை எடுப்பதற்குள் செத்துப்போனேன். மறுபடி ஆடினோம், மறுபடி செத்தேன். காக்கா ஒரு கையால்தான் ஆடினார்.

"காக்கா, அப்ப ஆபீஸ்ல என் முன்னால வந்து விழுந்ததெல்லாம்..."

"நாந்தான், பேர மாத்தி மாத்தி வந்தேன். விழுறதுதானே ஓய் நம்ம வேலை."

"ஏன் காக்கா?"

"கக்கூஸ்ல நீரு அழுதது வராந்தா வரைக்கும் கேட்டுச்சே! எனக்காவது மச்சான் கட இருக்கு. நீரு எங்க போவீரு?"

"பேச்சு போதும், வந்தவங்களக் கவனியும்!" உள்ளேயிருந்து மச்சான் கத்தினார். காக்கா அவசரமாக எழுந்து, வாடிக்கையாளருக்கு ஒரு பையைத் திறந்து காட்டினார்.

நான் வீரனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர் இருந்தோம். காக்கா வேண்டுமென்றே தோற்றார். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.