டோஹாவிலிருந்து வந்த பாடியும் இருட்டில் நின்ற இரண்டு தாய்மாமன்மாரும்

பொகவந்தலாவை,
23 ஓகஸ்ட் 2009.

அன்பு மச்சினன் ஜெரோஷனுக்கு,

பொகவந்தலாவைக் கடைவீதியில் ஸ்டூடியோ வைத்துக்கொண்டு ஈ ஓட்டும் உன் மச்சான் இக்னேசியஸ் எழுதுவது. மாதாவின் தயவில் நானும் உன் அக்கா தெரேசாவும் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று இந்த ஊரில் வீடு வீடாகப் போய்ச் சொல்லி முடித்துவிட்டேன். அப்படிச் சொல்ல வேண்டி வந்த கதையை முதலில் எழுதுகிறேன். நின்றுகொண்டு படிக்காதே.

போன மாதம் நீ போனில் என்ன சொன்னாய்? "முழு செட்டும் வேணாம் மச்சான். ஃபுல் ஃபிரேம் கேமரா செகண்ட் ஹேண்ட்ல பாடி மட்டும் வாங்கிக்குங்க. ஒங்ககிட்ட இருக்கிற லென்சே போதும்." டோஹாவில் கேமராக் கடையில் வேலை பார்க்கிறவன் சொல்கிறானே என்று நம்பினேன். அந்தக் கடையில் உன் வேலை பெட்டி அடுக்குவது என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. என்னிடம் இருந்தவை இரண்டே லென்ஸ். ஒன்று பிலிம் காலத்தில் வாங்கியது. நம்மூர்ப் பனி குடித்துக் குடித்து உள்ளே பூஞ்சணம் பிடித்து, எட்டிப் பார்த்தால் பழைய ஊறுகாய் போத்தல் மாதிரி இருக்கும். மற்றது நாலு வருஷத்துக்கு முன் சின்ன டிஜிட்டல் கேமராவோடு வாங்கியது. கைவசம் இருந்ததோ உன் அக்கா கட்டிய சீட்டுப் பணம் மட்டும். அதற்குள் அடங்குகிற மாதிரி நீ ஒரு பழைய பாடியைத் தேடிப் பிடித்து, லீவில் வந்த உன் சிநேகிதனிடம் கொடுத்தனுப்பினாய். அதுவரைக்கும் உனக்கு நன்றி. அதற்கு மேல் கிடையாது.

அந்தச் சிநேகிதன் ஹட்டனுக்கு வந்து போன் பண்ணினான். லைன் சரியில்லை, கத்த வேண்டியிருந்தது. "என்னது, ஜெரோஷன் பாடி ஹட்டனுக்கு வந்துருச்சா? சரி, நான் நாளைக்குக் காலையில பஸ்ஸுல வந்து எடுத்துக்கிட்டுப் போயிர்றேன்" என்று கத்தினேன். சுவருக்கு அந்தப்பக்கம் பேக்கரி ஆண்டியப்பன் பாண் வெட்டிக்கொண்டிருந்தான். பிணத்தை யாராவது பஸ்ஸில் கொண்டுவருவார்களா என்று அவனும் யோசிக்கவில்லை, அவன் சொல்லிக் கேட்டவர்களும் யோசிக்கவில்லை. என் வசதி ஊருக்கே தெரியும்.

மறுநாள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஹட்டனிலிருந்து வந்து இறங்குகிறேன். பஸ் நிலையத்திலிருந்து நம் வீடு வரைக்கும் சாவு வீட்டு வெள்ளைக் கொடி. உன் அக்கா முதல் நாளே நோட்டன் பிரிட்ஜில் உன் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்ததால் தடுக்க ஆள் இல்லை. வாசலில் உட்கார வாங்கு போட்டு, கோயில் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆண்டியப்பன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான். பிறகு என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தான்.

"இவ்வளவுதானாண்ணே மிச்சம்?" என்றான்.

பையைத் திறந்து கேமராவைக் காட்டினேன். நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தொடங்கிய செபத்தைப் பாதியில் விடக்கூடாது என்று பெண்கள் உன் ஆத்துமாவுக்காக மிச்சத்தையும் சொல்லி முடித்து, தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். ஆகவே பரலோகத்தில் உன் கணக்கில் கொஞ்சம் முன்பணம் இருக்கிறது. உன் அக்கா அந்த நேரம் பார்த்து வந்து, கொடியைக் கண்டு நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். விஷயம் புரிந்தபின் எழுந்து, சோற்றை மேசையில் வைப்பதோடு சரி, என்னோடு பேச்சை நிறுத்தினாள்.

இது இப்படியிருக்க, தோட்டத்துத் தலைவர் கணேசமூர்த்தி மகள் கல்யாணத்துக்கு என்னைப் பிடித்தார். அவருடைய கவலை மகளைப் பற்றியதல்ல. அவர் சம்சாரத்தின் அண்ணன் மூக்கனும் தம்பி வீரய்யாவும் ஒரு பசுமாட்டு விவகாரத்தில் ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. தாய்மாமன்மார் என்பதால் கல்யாணத்துக்கு வர இருவரும் சம்மதித்தார்கள், ஒரே படத்தில் நிற்கவும் சம்மதித்தார்கள். ஆனால் ஒருவர் இந்தக் கோடி, ஒருவர் அந்தக் கோடி.

"அந்த ஒரு படம் போதும் தம்பி. அது சொவத்துல தொங்கினா எம் பொண்டாட்டி அழுகைய நிப்பாட்டுவா. பெரிய கேமரா வந்துருக்காமே, எல்லாத்தையும் அள்ளிருமில்ல?" என்றார்.

"அள்ளிரும் தலைவரே" என்றேன்.

கல்யாணத்தன்று கோயில் படிக்கட்டில் ஐம்பது பேரை நிறுத்தினேன். இடது கோடியில் மூக்கன், வலது கோடியில் வீரய்யா, இருவரும் ஆளுக்கொரு மலையைப் பார்த்துக்கொண்டு. எல்லோரும் அடங்கட்டும் என்று, பூஞ்சணம் இல்லாத லென்சை மாட்டி அகலமாகத் திருப்பிக் கண்ணை வைத்தேன். நாலு மூலையும் இருட்டு. காலையில் சாப்பிடாததால் பிரஷர் இறங்கிக் கண் இருள்கிறது என்று நினைத்து, படியிலேயே உட்கார்ந்தேன். யாரோ சோடா கொடுத்தார்கள், யாரோ உள்ளங்காலைத் தேய்த்தார்கள், ஐயர் திருநீறு போட்டார். நான் மாதா கோயில் வேதக்காரன் என்று சொல்லவும் தெம்பில்லை. மறுபடி எழுந்து பார்த்தேன், அதே இருட்டு. சரி, உயிர் போவதற்குள் எடுத்துவிடுவோம் என்று வரிசையாக அடித்தேன். இரண்டாவது பேட்டரி வாங்க வக்கில்லாமல், இருப்பதை மிச்சம் பிடிக்கத் திரையை அணைத்து வைத்திருந்ததால் எடுத்ததைப் பார்க்கவும் இல்லை.

உண்மையை ஹட்டன் கலர் லேபில் அழகன்தான் சொன்னான். "அண்ணே, இது சின்ன கேமராவோட லென்சு. பெரிய கேமராவுல மாட்டுனா ஓரமெல்லாம் இருட்டடிக்கும். எம் மகன் சட்டைய நீங்க போட்ட மாதிரி." படத்தைப் பார்த்தேன். நடுவில் பௌர்ணமி மாதிரி பெண்ணும் மாப்பிள்ளையும். இரண்டு கோடியும் அமாவாசை. மூக்கனுக்கு ஒரு காதும் வீரய்யாவுக்கு வேட்டிக் கரையும் மட்டும் தப்பியிருந்தன.

வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினேன். படம் போய்ச் சேர்ந்த மறுநாள் மூக்கன் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார். "வீரய்யா ஒனக்கு எவ்வளவு குடுத்தான், என்னைய அழிக்க?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் வீரய்யாவும் வந்து, அண்ணன் நிற்பதைக் கவனிக்காமல் அதே கேள்வியை மூக்கன் பேரில் கேட்டார். என்னிடமிருந்த பிரதியை எடுத்து மேசையில் வைத்தேன். இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஆளுக்கொரு கோடியில் தங்களைத் தேடினார்கள்.

"ஒன்னையும் காணோமேடா" என்றார் மூக்கன்.

"ஆமாண்ணே. ஒங்க காது மட்டுந்தான் இருக்கு."

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணீர் கன்னத்துக்கு வருமுன் இருவரும் நிமிர்ந்து, ஒரே குரலில் என்னையும் கேமராவையும் என் பரம்பரையையும் ஏசத் தொடங்கினார்கள். ஒருவர் மறந்த வார்த்தையை மற்றவர் எடுத்துக் கொடுத்தார். பிறகு தோளில் கைபோட்டுக்கொண்டு கள்ளுக்குத் தவறணைப் பக்கம் போனார்கள். போகிறபோது நஷ்டஈடாக என் நாற்காலி ஒன்றையும் தூக்கிப்போனார்கள். இப்போது கணேசமூர்த்தி, திருவிழாவன்று ஐம்பது பேரையும் அதே உடுப்பில் மறுபடி நிறுத்தி எடுத்துத் தா என்கிறார்.

ஆகவே ஜெரோஷன், இது நீ தொடங்கிய வேலை. ஒன்று, உன் செலவில் சரியான லென்ஸ் ஒன்றை உடனே அனுப்பு. இல்லையென்றால் டிசம்பரில் நத்தாருக்கு லீவில் வரும்போது இந்தப் பாடியை நீயே எடுத்துப் போய் விற்று, அக்காவின் சீட்டுப் பணத்தைக் கொடு. எனக்குச் சின்னக் கேமராவும் பாஸ்போர்ட் படமும் போதும். பெரிய கேமரா ஆசை இந்த ஜென்மத்துக்குத் தீர்ந்தது.

அக்கா விசாரித்ததாக எழுதச் சொல்லி, சோற்றோடு ஒரு துண்டுக் கடதாசி வைத்திருக்கிறாள். வெயிலில் தலையில் துணி போட்டுக்கொண்டு நட. மாதா உன் உடம்பைக் காக்கட்டும். நேரமிருந்தால் உன் புத்தியையும் ஒருமுறை பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
ம. இக்னேசியஸ்

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது கணேசமூர்த்தி வந்தார். லென்சும் அனுப்பாதே, கேமராவையும் கேட்காதே. "மறுபடி எடுக்க வேணாம் தம்பி. இந்தத் தடவ நிப்பாட்டினா யாரு நடுவுலன்னு புதுசா சண்ட வரும்" என்கிறார். அவரோடு வந்த வட்டகொடை ஊர்ச் சம்பந்தி வீட்டம்மாவுக்கு, தன் இளைய மகன் கல்யாணத்துக்கும் இதே வட்டமான படம்தான் வேண்டுமாம். தலைவர் வெளியே போனபின், "எம் மாமியார மட்டும் கொஞ்சம் ஓரமா நிப்பாட்டிருங்க" என்று மெதுவாகச் சொன்னார். அவர் போனில் ஊருக்குச் சொல்லி, பிற்பகலுக்குள் இன்னும் இரண்டு கல்யாணம் வந்துவிட்டது. இரண்டிலும் ஓரத்துக்கு ஆள் ரெடி. இது விசேஷ வேலைப்பாடு, தனிச் செலவு என்று சொல்லியிருக்கிறேன், நீ வாயைத் திறந்து கெடுக்காதே. உன் அக்காவும் என்னோடு பேசத் தொடங்கிவிட்டாள். நத்தாருக்குக் குடும்பப் படம் எடுக்க வேண்டுமாம், தம்பியை எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்கிறாள். நீ என்ன கொண்டுவருகிறாய் என்று பார்த்துத்தான் முடிவு செய்வேன்.