கோழிப் பாதுகாப்பு உயர்மட்டக் குழு

உலகத்திலேயே கோழிக்குச் சுதந்திரம் வாங்கிக் கொடுத்த முதல் மனிதர் என் அக்கா புருஷன்தான். இதை நான் சொல்லவில்லை. அத்தானே பலமுறை சொல்லியிருக்கிறார்.

நகரத்தில் பெரிய மேலாளராக இருந்தவர், வேலையை உதறிவிட்டு அக்காவோடு கிராமத்துக்குக் குடிவந்தார். அதுவரை கோழியோடு அவருக்குத் தட்டில்தான் பழக்கம். வந்த வாரமே வேலியில் பலகை மாட்டினார்: ‘இங்கே கோழிகள் அடைக்கப்படுவதில்லை.’ கீரிகளுக்கும் எழுத்தறிவு உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் கோழி போனதும் அக்கா சொன்னாள்: “ஏங்க, கூட்டுக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடுங்க. பொழுது சாஞ்சதும் அடைச்சிட்டாப் போதும்.”

“தாழ்ப்பாள் போட்டா அது கூடு இல்லம்மா, ஜெயில்! பிரச்சினையோட வேரைப் பாக்கணும்.”

வேரைப் பார்க்க ‘உயர்மட்டப் பாதுகாப்புக் குழு’ அமைந்தது. தலைவர் அத்தான்; செயலாளர் விருந்தாளியாக வந்து மாட்டிக்கொண்ட அடியேன். நாங்கள் கூடத்தில் கூடினால் கீரி கொல்லையில் கூடும். நாங்கள் தேநீரோடு நிறுத்திக்கொண்டோம்.

“கீரி தரப்பு நியாயத்தையும் யோசிக்கணும், மாப்ளே” என்றார் அத்தான். நடுநிலை என்றால் அதுவல்லவா நடுநிலை!

அடுத்து கேமரா வந்தது. “இனிமே ஒரு கோழிகூட நமக்குத் தெரியாமப் போகாது!” என்று சூளுரைத்தார். சொன்ன சொல் தவறவில்லை. அதற்குப் பிறகு போனவை எல்லாம் நமக்குத் தெரிந்தேதான் போயின. சேவல் போன காட்சியை அத்தான் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பி, படம் எவ்வளவு தெளிவு என்று பாராட்டும் வாங்கினார்.

அக்கா கையிலிருந்து மட்டுமே தீனி தின்னும் மொட்டைக்கழுத்துக் கோழி அப்போது அடைகாத்துக்கொண்டிருந்தது. “அடுத்தது இதுதாங்க. எழுந்துகூட ஓடாதுங்க” என்று அழுதேவிட்டாள். எனக்கும் அழவேண்டும்போல இருந்தது. ஆனால் செயலாளர் அழலாமா?

“உணர்ச்சிவசப்படாத. அடுத்த கூட்டத்துல எடுத்துக்கலாம்” என்றார் தலைவர்.

மறுநாள் காலை கூடு காலி. ஒரு இறகுகூட இல்லை. அத்தான் பதறிப்போய் கேமராவைப் போட்டார். கூடையில் கோழிகளும் மடியில் முட்டைகளுமாக, அக்கா பக்கத்து வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

“மாப்ளே! ஆள் மாட்டிக்கிச்சு!”

“மாட்டல, நானே சொல்றேன்” என்றாள் அக்கா. “பக்கத்து வீட்டம்மா கூட்டுல தாழ்ப்பாள் இருக்கு. எல்லாம் உசுரோட இருக்கு. போய்ப் பாருங்க.”

போய்ப் பார்க்க எங்களுக்கு ஏது நேரம்? தேநீர்கூட இல்லாமல் அவசரக் கூட்டம் கூடியது. நெடுநாள் தேடிய ‘கோழிப் பகை’ அக்காதான் என்று குழு ஒருமனதாகக் கண்டுபிடித்தது. கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

வேர் கிடைத்துவிட்டதல்லவா, நடவடிக்கை மின்னல் வேகம். மதியத்துக்குள் காலிக் கூட்டுக்கு இரும்புத் தாழ்ப்பாள், அதன்மேல் உள்ளங்கையளவு பூட்டு, சாவி அத்தான் இடுப்பில். அக்கா இனிமேல் கொல்லைப் பக்கமே போகக் கூடாது.

கீரி போகலாம். அதைப் பற்றிக் குழு இன்னும் முடிவெடுக்கவில்லை.