தவக்கால மௌனமும் நாலாவது லெவலும்

ஈஸ்டருக்கு முந்தைய இந்தத் தவக்காலம் முழுவதும், மாலை ஆறிலிருந்து ஏழு வரை மௌனம் காப்பதென்று முடிவு செய்தேன். சாந்தோமில் எங்கள் தெரு மக்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்று அதை அறிவித்தேன். மௌனம் கலைந்தால் அடுத்த கூட்டத்துக்கு வரும் எல்லோருக்கும் நானே சமைத்துப் போடுவதாகவும் சொன்னேன். கைதட்டினார்கள். எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும்.

உண்மையான காரணம் கரும்பாறை அரக்கன். என் ஃபோன் விளையாட்டில் அவனை நான்கு லெவல்களில் வெல்ல வேண்டும்: எளிது, நடுத்தரம், கடினம், கொடூரம். மூன்றை முடித்துவிட்டேன். நான்காவதில் அவன் ஓர் அடி அடித்தால் என் வீரன் செத்துப்போகிறான். என் மனைவி லூயிசா ஒரு தடவை கூப்பிட்டாலும் செத்துப்போகிறான்.

"ஒரு மணி நேரம் பேசவே மாட்டீங்களா?" என்றாள் லூயிசா.

"மாட்டேன்."

"நான் ஏதாவது கேக்கணும்னா?"

"கேளு. பதில் வராது."

"அப்ப ஒண்ணு பண்ணலாம். வேணாம்னா மட்டும் வாயைத் திறங்க. பேசலைன்னா சரின்னு எடுத்துக்கறேன்."

"தாராளமா."

முதல் நாள் விரித்த பைபிளுக்குள் ஃபோனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரக்கன் கோடரியை ஓங்கினான். கதவு திறந்தது.

"ஏங்க, சனிக்கிழமை ஃபேனெல்லாம் நீங்களே துடைச்சுடுங்க. வேணாம்னா சொல்லுங்க."

கோடரிக்குத் தப்பிக் குனிந்தேன். சரி என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அரக்கன் நெருப்பு உமிழ்ந்தான்.

"ஏங்க, என் தம்பி ஆஸ்டின் மே மாசம் முழுக்க இங்கதான் தங்கப் போறான்."

கேடயத்தைத் தூக்கினேன்.

"எனக்குத் தெரியும். உங்களுக்குப் பெரிய மனசு."

அதற்கடுத்த வாரம் அரக்கன் இரண்டாகப் பிரிந்தான்.

"ஏசி ரூமை அவனுக்கு விட்டுடலாம். நீங்க ஹால்ல படுத்துக்குங்க."

எளிது, நடுத்தரம், கடினம் என்று அவளும் வரிசையாகத்தான் வருகிறாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. நான் இரண்டு அரக்கர்களைச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பு வரும் குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள். அரக்கனுக்கு நகக்கண் அளவு உயிர்தான் பாக்கி. கதவு திறந்தது.

"ஏங்க, ஆஸ்டினோட ஃபோன் கடல்ல விழுந்துடுச்சாம். பாவம். உங்களுதை அவனுக்குக் குடுத்துடறேன். வேணாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொன்னால் சமையல். சொல்லாவிட்டால் ஃபோன் போகும். யோசித்தால் வீரன் போவான். வாளை வீசினேன். அரக்கன் சரிந்தான்.

"முடிச்சுட்டேன்," என்று கத்திவிட்டேன்.

அப்போது மணி ஆறே முக்கால்.

"நானும்தான். நீங்க வேணாம்னு சொல்லலையே," என்று பைபிளுக்குள்ளிருந்து ஃபோனை உருவிக்கொண்டாள் லூயிசா. "எழுந்து வந்து வெங்காயத்தை உரிங்க."