கீரி பெற்ற நேர்மைச் சான்றிதழ்

ஒரு காட்டில், மழை பொய்த்தாலும் சுற்றறிக்கை பொய்க்காத பள்ளி ஒன்று இருந்தது. அதில் அலர்மேலு என்னும் கீரி ஐந்தாம் வகுப்புப் படித்து வந்தாள். கணக்கில் கெட்டிக்காரி, பாம்பைக் கண்டும் பதறாதவள். ஆயினும் அவ்வாண்டு அவள் தேறுவாளா என்பதே ஐயமாயிற்று. நல்லொழுக்கம் என்னும் புதிய பாடத்தில் நேர்மைக்குரிய பத்து மதிப்பெண் பெறாதவர், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள உயர்நிலைப் பள்ளியில் சேர முடியாது.

கண்டெடுத்த பொருளை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும் படத்தைச் செயலியில் ஏற்ற வேண்டும். ஆணை அவ்வளவே.

அலர்மேலு முந்தைய வாரமே ஆமையாரின் மூக்குக்கண்ணாடியைப் புதரில் கண்டு, ஓடோடிச் சென்று கொடுத்திருந்தாள். அதை வகுப்பாசிரியர் ஏகாம்பரத்திடம் சொன்னாள். அவர் கொக்கு. நெற்றி நிறையத் திருநீறு. ஒற்றைக் காலில் தவம். கண் மட்டும் குளத்தின்மேல்.

"படம் எங்கம்மா?"

"எடுக்கலை சார். கண்ணாடி இல்லாம அவர் குழியில விழப்போனார். அதான் உடனே கொடுத்துட்டேன்."

"அவசரப்பட்டுட்டியே! வேணும்னா மறுபடி தொலைக்கச் சொல்லு."

அவள் ஆமையாரிடம் போய்க் கெஞ்சினாள். "ஒரே ஒரு தடவை தொலைங்க ஐயா."

"போன தடவை அதைத் தேடிப் புறப்பட்டு, வாசலைத் தாண்டவே எனக்கு நாலு நாள் ஆச்சு. ஆளை விடு தாயே."

நாற்பது பிள்ளைகளும் தொலைந்த பொருள் தேடி அலைந்ததால், காட்டில் எவரும் எதையும் தொலைக்கத் துணியவில்லை. மந்தி தன் குட்டியைக்கூடக் கீழே இறக்கி வைக்க அஞ்சினாள். உடன்படிக்கும் நரி சாத்தப்பன் மட்டும் ஐந்து படம் ஏற்றியிருந்தான்.

"உன் கண்ணுல மட்டும் எப்படிடா படுது?"

"தொலையறதுக்கு முன்னாடியே பட்டுடும், அலர்மேலு. நீதான் லேட்டு."

இறுதி நாளன்று ஆய்வாளர் கரடியார் எழுந்தருளினார். தேனமுது உண்டு, மர நிழலில் யோகநித்திரையில் ஆழ்ந்தார். அவர் இடுப்பில் அலுவலக முத்திரை தொங்கிற்று. அலர்மேலு அவரை மும்முறை வலம் வந்தாள். தெய்வத்தை நினைத்தா, முத்திரையை நினைத்தா என்பது அவளுக்கே விளங்கவில்லை. "குலதெய்வமே, திருப்பிக் கொடுக்கத்தான் எடுக்கிறேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அவிழ்த்தாள்.

கரடியார் விழித்தார். "ஐயையோ, முத்திரையைக் காணோமே! அது இல்லாம ஒருத்தரும் தேற முடியாதே!"

"இதோ ஐயா. கொஞ்சம் இருங்க, சார் படம் எடுக்கட்டும்."

ஏகாம்பரம் வாழ்நாளில் முதன்முறையாக இரு கால்களையும் ஊன்றி நின்று படமெடுத்தார்.

கரடியார் கண்கலங்கினார். "தங்கமே, எங்க கிடைச்சது?"

பொய் சொல்லி அலர்மேலுவுக்குப் பழக்கமில்லை.

"உங்க இடுப்புலதான் ஐயா."

ஆசிரியர் செயலியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார், முகம் மலர்ந்தார்.

"படத்துக்குப் பத்து போக, உண்மை பேசினா தனியா அஞ்சு மதிப்பெண் இருக்கு ஐயா!"

கரடியார் மனமுருகி, அந்த முத்திரையையே அவள் சான்றிதழில் ஓங்கிக் குத்தினார்.

நீதி: படமெடுக்க ஆள் வரும்வரை நன்மை செய்யற்க, ஆமை அதுவரை குழியிலேயே காத்திருக்கட்டும்.