இடது பக்கம் இரண்டு டிகிரி

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களின் சமூகத்திற்கு,

நம் வீட்டு ஹாலில் தொங்கும் குடும்பப் போட்டோ நேற்று மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, இந்த மாதத்தில் ஐந்தாவது முறையாக, நேராக்கப்பட்டது என்பதை மிகுந்த பணிவோடு அறிவித்துக்கொள்கிறேன். விழாவில் அப்பா குமிழி ரசமட்டத்தைப் பிடித்தார், நான் ஸ்டூலைப் பிடித்தேன், அம்மா தலையைப் பிடித்தார். நானும் அம்மாவும் நலம். அப்பாவின் நலம் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் திட்டினால் உடனே என் காதில் விழும், கடிதத்தில் அந்த ஆபத்து இல்லை.

விஷயம் இதுதான். நீங்களும் அப்பாவும் பாதிப் பாதியாக வாங்கிய அந்த இரண்டு சீட்டு விமானத்தின் இறக்கையில் அப்பா 'விற்பனைக்கு' என்று ஒரு அட்டையைக் கட்டிவிட்டார். அட்டையையும் ரசமட்டம் வைத்துத்தான் கட்டினார். சனிக்கிழமை ஒருவர் பார்க்க வருகிறார். நீங்கள் இந்த வாரம் மூன்று தடவை கூப்பிட்டும் அப்பா எடுக்காததற்குக் காரணம், அவர் குளித்துக்கொண்டிருந்தார் என்று நான் சொன்னது அல்ல. மூன்று தடவையும் ஒரு மனுஷன் குளிப்பாரா மாமா? உங்கள் மேல் கோபம். நீங்கள் தேர்ந்தெடுத்த கருவியின் மேல் அதைவிடக் கோபம்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் நிற்கும். மழைக்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் பறந்தபோது இன்ஜின் பக்கத்து பம்பு நின்றுபோய், அதை நம்பிச் சுற்றிக்கொண்டிருந்த அடிவானக் கருவி டயலுக்குள்ளேயே மயக்கம் போட்டுப் படுத்துவிட்டது இல்லையா? மேகத்துக்குள் வெளியே ஒன்றும் தெரியாதபோது, நாம் நேராக இருக்கிறோமா சாய்ந்திருக்கிறோமா என்று சொல்ல அது ஒன்றுதான் கதி. நல்லவேளை அன்றைக்கு வெயில். அம்மா அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "பம்பு இல்லாத புது எலெக்ட்ரானிக் கருவி மாட்டுற வரைக்கும் நீங்களும் வேணாம், என் தம்பியும் வேணாம், யாரும் மேல போகக் கூடாது." புதுக் கருவியோடு முதல் சவாரி எனக்கு என்று நீங்கள் சத்தியம் செய்ததும் அன்றுதான். மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்.

அப்புறம் மூன்று மாதம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் சாப்பாடு இல்லை, அட்டை. நான்தான் விமானத்தின் முன்பலகையை அதே அளவில் அட்டையில் வெட்டி, ஒவ்வொரு கருவியின் படத்தையும் பிரிண்ட் எடுத்து ஒட்டிக் கொடுத்தேன். அப்பா அதற்கு முன்னால் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிப்பதுபோல் தட்டைப் பிடித்துக்கொண்டு யோசிப்பார். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க 'இது தெளிவா, அது தெளிவா' என்று ஊரைக் கேட்கிற மனுஷன், வீட்டில் அதே கேள்வியைத் தன்னையே கேட்டுக்கொண்டு பதில் தெரியாமல் விழித்தார். பெரிய திரை வாங்கலாம் என்றால் வரைபடம், வேகம், உயரம் எல்லாம் அதிலேயே வரும். ஆனால் அந்த விலைக்கு அதை வாங்கினால் விமானத்தை அதற்கு இலவச இணைப்பு என்றுதான் சொல்லவேண்டும். டேப்லெட் மலிவு, ஆனால் அதை மட்டும் நம்பிப் பறக்க அனுமதி கிடையாது, வெயிலில் சூடாகி அணைந்தும் போகும். கடைசியில் நீங்கள் சொன்ன உள்ளங்கை அளவு சதுரத் திரை. பழைய ஓட்டையிலேயே நாலு ஸ்க்ரூவில் உட்காரும், கரன்ட் போனாலும் உள்ளே இருக்கிற பேட்டரியில் ஓடும், நம்ம விமானத்துக்கு அனுமதியும் உண்டு, விலையும் கைக்கு எட்டுகிற உயரம். ஆனாலும் அப்பாவுக்குத் தூக்கம் இல்லை.

"பேட்டரியும் போயிட்டா? வெயில்ல தெரியலைன்னா? திடீர்னு அதுக்கே ஒரு சந்தேகம் வந்துட்டா?"

"உங்களுக்கு வராத சந்தேகமா அதுக்கு வந்துடப் போகுது?" என்றார் அம்மா.

இந்தக் கவலையோடு கவலையாக வீடு வேறு சாய ஆரம்பித்தது. ஆமாம் மாமா, வீடு. அப்பாவின் அந்த ஒரு சாண் ரசமட்டம் உங்களுக்குத் தெரியுமே, சட்டைப் பையில் பேனா மாதிரி வைத்திருப்பாரே, ஸ்டிக்கர் தன் பக்கம் பார்த்தபடிதான் வைப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பாரே, அதே. ஒருநாள் போட்டோவில் வைத்தார், சாய்வு. மேஜையில் வைத்தார், சாய்வு. ஜன்னல், பீரோ, வாஷிங் மெஷின், எல்லாம் சாய்வு. "அஸ்திவாரம் இறங்குதுடா" என்று குரல் இறங்கிப்போய்ச் சொன்னார். இதில் பெரிய மர்மம் என்னவென்றால், அவர் எந்தத் திசையில் திரும்பி நின்றாலும் அவருக்கு இடது பக்கம்தான் வீடு அமிழ்ந்தது. இன்ஜினியர் வந்து பார்த்து "வீடு நல்லா இருக்கு சார், நீங்கதான் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்றார். அப்பா அவரை அதற்கப்புறம் கூப்பிடவில்லை. போட்டோக்களை எல்லாம் தானே நேராக்கினார். இப்போது குடும்பப் போட்டோவில் ஓரத்தில் நிற்கிற நீங்கள் வலது பக்கம் வழுக்கி விழப்போகிற மாதிரியே இருக்கிறீர்கள்.

போன ஞாயிறு, விமானம் நிற்கிற ஹேங்கரில் கருவியை மாட்டினார்கள். மாட்டியதும் 'இதுதான் சமம்' என்று ஒருமுறை அதற்குச் சொல்லிக் கொடுக்கவேண்டுமாம், அப்புறம் ஆயுசுக்கும் அதையே நம்பும். மெக்கானிக் அண்ணன் தன் ரசமட்டத்தை எங்கேயோ விட்டுவிட்டு வந்திருந்தார். "என்னோடது இருக்கே!" என்று அப்பா பெருமையாக நீட்டினார். "ஸ்டிக்கர் உங்களைப் பார்த்து இருக்கணும்." அண்ணன் சீட்டுக்குக் கீழே குறுக்குக் கம்பியில் அதை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை வலது டயரில் காற்றை இறக்கி, பட்டனை அழுத்தினார். டயருக்குத் திரும்பக் காற்றடித்துவிட்டு அவரும் அப்பாவும் சோதனைக்குக் கிளம்பினார்கள். வெளியே அடிவானம் நேர், கருவியில் விமானம் இடது பக்கம் சாய்வு. கருவி சொன்னபடி அப்பா நேராக்கினால், விமானம் மெல்ல வலது பக்கம் திரும்பிக்கொண்டே போய், ஏரிக்கு மேல் இருக்கவேண்டியவர்கள் செங்கல் சூளைக்கு மேல் இருந்தார்கள். இறங்கி வந்த அப்பாவுக்கு உதடு காய்ந்து போயிருந்தது. "இன்னைக்கு மேகம் இருந்திருந்தா?" என்றார். அம்மா கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அப்போதுதான் மாமா, நான் குனிந்து பார்த்துச் சொன்னேன்: "அப்பா, தரையில நிக்கும்போதே ரெண்டு டிகிரி சாய்ஞ்சு காட்டுது." பெரியவர்கள் யாரும் கவனிக்காததை நான் ஒருவன் கண்டுபிடித்தேன்! அப்பா என் முதுகில் தட்டி, "கெட்டிக்காரன்டா நீ" என்றார். பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து நான் இந்தக் குடும்பத்தின் தொழில்நுட்ப ஆலோசகர், கடைக்கு வருகிறவர்களிடம்கூடச் சொல்கிறார். மட்டம் பார்ப்பதோடு உங்களை மட்டம் தட்டவும் ஆரம்பித்துவிட்டார்: "உன் தம்பி மலிவா இருக்குன்னு தலையில கட்டிட்டான்." ஆகவே, ஆலோசகர் என்ற முறையில், கருவி பழுது என்று ஒப்புக்கொண்டு அப்பாவிடம் ஒரு சின்ன மன்னிப்புக் கேட்டுவிடும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். விமானம் தப்பிக்கும்.

அத்தைக்கு என் அன்பு. குட்டிப் பாப்பாவுக்கு முத்தம். திட்டாமல் ஆசீர்வதிக்கவும்.

தங்கள் அறிவுக்கொழுந்து மருமகன்

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் நம்பவேண்டாம். கருவி தங்கம். நீங்களும்தான். ஒரு மாதத்துக்கு முன்னால், அப்பா எல்லாவற்றையும் மட்டம் பார்க்கிறாரே என்று, அந்த ரசமட்டத்தின் வலது முனைக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மூணு அடுக்கு ஒட்டினேன். கடையிலேயே அப்படி வந்த மாதிரி அழகாக ஒட்டினேன், அதுதான் தப்பாப் போச்சு. போட்டோ சாயும், சிரிக்கலாம்னு நினைச்சேன். அதை விமானத்துக்குக் கொண்டுபோவார்னு சத்தியமா நினைக்கலை மாமா. சூளைக்கு மேல போனாங்கன்னு கேட்டப்போவே இது டியூப் வேலைன்னு தெரிஞ்சுபோச்சு. சொல்ல வாயைத் திறந்தேன், அதுக்குள்ள 'கெட்டிக்காரன்'னுட்டார்.

இன்னைக்குக் காலையில டியூபைப் பிச்சு எடுத்துட்டேன், என் பையில இருக்கு. இப்போ அப்பா ஹால்ல நின்னு கத்துறார்: "நேத்து சாய்ஞ்சிருந்த வீடு இன்னைக்கு நிமிர்ந்திருக்கு! அப்படின்னா வீடு ஆடுது!" அம்மா பெட்டியில துணி அடுக்குறாங்க. கிண்டலுக்கா நிஜமாவான்னு தெரியலை.

நீங்க போன் பண்ணி அப்பாகிட்ட சொல்லிடுங்க. வேணாம், நானே சொல்றேன். நீங்க லைன்ல மட்டும் இருங்க மாமா, இந்தத் தடவை அப்பா குளிக்கலை. கருவிக்கு மறுபடி சமம் சொல்லிக் கொடுத்து, முதல் சவாரிக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. நான் கீழே நின்னு டயருக்குக் காத்தடிக்கிறேன்.