ஒன்பது கெஜத்து மான்

அன்புள்ள மச்சான் வெய்கோவுக்கு,

அத்தான் அர்வோ எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா ஐலியும் நலம், நாயும் நலம். என் சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை மட்டும் உயிருக்குப் பயந்து அலமாரியில் கிடக்கிறது. அதன் பொருட்டே இந்தக் கடிதம்.

மானைத் தவறவிட்டவனின் சட்டைப் பின்பக்கத் தொங்கலை, அதாவது அதன் வாலை, வெட்டி வேட்டைக் குடில் சுவரில் ஆணி அடிப்பது நம் வழக்கம். அந்தச் சுவரில் பாதி என் துணி. கத்தரிக்கோல் உன் பொறுப்பு. போன வருஷம்கூட, "அத்தான், திரும்பி நில்லுங்க, சுவத்துல இன்னும் கொஞ்சம் எடம் இருக்கு" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது ஐலி சிரிக்கவில்லை. இந்தச் சிவப்புச் சட்டை எங்கள் இருபத்தைந்தாம் கல்யாண நாளுக்கு அவள் தன் கையால் தைத்தது. "இதையும் வாலில்லாம கொண்டு வந்தீங்கன்னா, குளிர்காலம் முழுக்க அந்தக் குடில்லயே இருந்துக்குங்க" என்று சொல்லிவிட்டாள். வேறு சட்டை போட்டு வரலாமே என்பாய். மற்றவையெல்லாம் ஏற்கனவே வாலில்லாதவை.

எனவேதான் இஷ்பெமிங் டவுனுக்குப் போய், வேட்டைச் சாமான் கடையில் தூரம் அளக்கும் லேசர் கருவி கேட்டேன்.

"வில்லுக்கா, துப்பாக்கிக்கா?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டுக்கும். விலை மட்டும் கம்மியா இருக்கணும்."

"வில்லுன்னா ரெண்டு கெஜம் பிசகினாலே அம்பு தப்பிடும். பரண் மேலேர்ந்து பாத்தா சரிவையும் கணக்குல எடுக்கணும். துப்பாக்கிக்கு ரொம்பத் தள்ளி நிக்கிறதையும் அளக்கணும். ரெண்டையும் ஒழுங்கா செய்யறது அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு."

என் கை அதற்குள் கீழ்த்தட்டு மலிவு விலைக் கூடைக்குப் போய்விட்டது. அட்டைப் பெட்டியின் ஒரு பக்கம் வில், மறுபக்கம் துப்பாக்கி. "படமே போட்டிருக்கானே!" என்றேன். "ஆமா, படம் நல்லாருக்கு" என்றார் அவர். நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் கொட்டகை, தபால் பெட்டி, ஐலி என்று எல்லாவற்றையும் அளந்தேன். எல்லாம் சரியாக வந்தது. அந்தத் தைரியத்தில் போன வாரம் வில்லோடு காட்டோர மரத்தில் கட்டிய என் பரண் ஏறினேன். கொம்பு பெருத்த ஆண் மான் ஒன்று, பார்த்தாலே முப்பது கெஜம் சொல்லலாம், நின்று காது ஆட்டியது. கருவியைக் கண்ணில் வைத்தேன். ஒன்பது என்றது. மறுபடி பார்த்தேன். ஒன்பது. முன்னால் நீட்டிக்கொண்டிருந்த பைன் கிளையை அது அளக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? காசு கொடுத்து வாங்கிய கருவி சொல்லும்போது, சும்மா கிடைத்த கண்ணை எவன் நம்புவான்? ஒன்பதுக்கே குறி வைத்து அம்பை விட்டேன். அம்பு பாதி வழியில் தரையில் குத்தியது. மான் ஓடக்கூட இல்லை மச்சான். நடந்து வந்து அம்பை முகர்ந்துவிட்டுப் போனது. வேலியோரம் டிராக்டரில் இருந்த பக்கத்துப் பண்ணை ஆஸ்கர், "ஏம்பா அர்வோ, மானுக்கு விட்டியா, மண்ணுக்கு விட்டியா?" என்று கத்தினான். உனக்கு போன் செய்ததும் அவன்தான், வேறு யார்?

துப்பாக்கிக்காவது உதவட்டும் என்று சரளைக் குழியில் பலகை நட்டுப் பார்த்தேன். பனி தூறியது. கருவி பனித்தூளை அளந்து ஆறு கெஜம் என்றது.

ஆகவே மச்சான், தவறியது கருவி, நான் அது சொன்னபடி செய்தவன் மட்டுமே. நியாயமாக அதன் கழுத்து வாரை வெட்டி மாட்டு. சட்டையை விட்டுவிடு. எனக்காக வேண்டாம், உன் அக்கா முகத்துக்காக. நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அவள் முகம் வாடினால் எனக்குத் தாங்காது. உனக்கு இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்ட்டி ஒரு கூடை கொண்டு வருகிறேன். உன் சானா நீராவி அறை என்றும் சூடாக இருக்கட்டும், உன் குறி என்றும் தப்பாதிருக்கட்டும்.

அன்புடன்,
அர்வோ

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒரு சேதி. கருவியின் அடியில் இரண்டாவது பொத்தான் ஒன்று இருக்கிறதாம். நான் அதை அழகுக்கு வைத்தது என்றிருந்தேன். அழுத்தினால் கிளையை விட்டுவிட்டுப் பின்னால் நிற்பதை அளக்குமாம். ஐலி அழுத்தியிருக்கிறாள். இன்று காலை என் பரணில் ஏறி, என் வில்லால், அதே மானை ஒரே அம்பில் சாய்த்துவிட்டாள். இந்த முறை குடிலுக்கு அவளும் வருகிறாள். கத்தரிக்கோலை நீ கொண்டு வர வேண்டாம். "வெய்கோ கோணலா வெட்டுவான். தச்சவளுக்குத்தான் எங்க வெட்டணும்னு தெரியும்" என்கிறாள்.