தொண்ணூற்று மூன்று தலைகளின் சிறைமீட்பு

வாழி சென்னப்பன். வாழி அவர் அமர்ந்து அருள்புரியும் சுழல் நாற்காலி. பென்னாகரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் பஜ்ஜிக் கடைக்கும் இடையே, எட்டுக்குப் பத்தடியாய் விரிந்து பரந்த பேரரசை ஆளும் வேந்தே, நகலெடுப்போர் நாயகமே, ஆதார் அட்டைகளுக்கு லேமினேஷன் என்னும் கவசம் பூட்டுவோனே, கணினிக்குள் புகும் கிருமி எதுவாயினும் ஒற்றை விரலால் நசுக்கும் மறவனே, வாழி, வாழி. ஒற்றை விரல் என்றது வீரத்தின் மிகுதியால் அன்று. அவருக்கு ஒற்றை விரலால்தான் தட்டச்சு வரும்.

இத்தகைய வேந்தனுக்கு ஒரு புதன்கிழமை முற்பகலில் மூண்ட பெரும்போரை உரைக்கப் புகுகிறோம். மறுநாள் காலை அவருடைய அக்காள் மகளுக்குக் காதணி விழா. தாய்மாமன் அவரே. குழந்தையை மடியில் இருத்திக் காது குத்தும் உரிமையும், மண்டப வாசலில் நிற்கப்போகும் இருபதடி பேனரில் ஏனையோரைவிடப் பெரிய தலையாய் விளங்கும் உரிமையும் அவருக்கே உரியன. அப்பேனரில் இடம்பெறுவோர் தொண்ணூற்று மூவர். பங்காளிகள் இடப்புறம், மாமன் மச்சான் வகையறா வலப்புறம், காலமானோர் மேலே மேகத்துக்குள், கைக்குழந்தைகள் கீழே தாமரைப்பூவுக்குள். எவர் தலைக்குமேல் எவர் தலை, எவருடையது எத்தனை அங்குலம் என்று தீர்ப்பதற்கு மூன்று வாரங்களும் இரண்டு பஞ்சாயத்துகளும் ஆயின. ஒரு தலை விடுபட்டாலும் அத்தலைக்கு உரியவர் மட்டுமன்றி, அவர் வேனில் ஏறிவரும் பதினெட்டுப் பேரும் வாசலோடு திரும்பிவிடுவார்கள். பேனரே இல்லையென்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவும் ஆள் இல்லை. தருமபுரியில் அச்சிடும் உசேனோ, நாலு மணிக்குள் கோப்பு வந்தால் உண்டு, அதன்பின் இயந்திரத்தைப் பழுதுபார்க்கப் பிரித்துவிடுவார்கள் என்று கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார்.

மணி பதினொன்று. முதலில் வந்தது காலாட்படை. திரையின் வலது மூலையில் ஒரு சிறு பெட்டி தோன்றி, மூட்டுவலியா என்று பரிவோடு வினவியது. சென்னப்பன் அதன் பெருக்கல் குறியைக் குறிபார்த்து அடித்தார். அந்தக் குறியே ஒரு விளம்பரம். ஆதலால் ஒன்று வீழ்ந்த இடத்தில் இரண்டு எழுந்தன. பரிசு விழுந்துவிட்டது என்றது ஒன்று. உங்கள் கணினியில் நானூற்று எழுபது கிருமிகள் உள்ளன, உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று அலறியது மற்றொன்று. விலை சரிந்த நாளில் பாலக்கோடு மண்டியில் தக்காளி வந்து குவிவதுபோல், கொட்ட இடமில்லாமல் கொட்டிக்கொண்டே இருந்தன பெட்டிகள். சுட்டியைப் பற்றிய வேந்தன் வலமும் இடமும் சுழன்று சுழன்று அடித்தார். மேசைமேலிருந்த தேநீர் அக்களத்தில் வீரமரணம் எய்தியது.

பேனரையாவது காப்போம் என்று துணிந்த சென்னப்பன், உறவினர் படங்களை அக்காள் கணவர் போட்டுத் தந்த பென்டிரைவைச் செருகி, தொண்ணூற்று மூவரையும் அதில் ஏற்றி, பக்கத்து மேசையில் மனைவி பிரியதர்ஷினி சான்றிதழ் விண்ணப்பங்கள் போடும் இரண்டாம் கணினிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தோ, தலைகளோடு புழுவும் ஏறிவந்ததை அவர் அறிந்திலர். யாரும் எதையும் திறக்கக் காத்திராமல், தானே ஊர்ந்து, தானே ஈன்று, செருகிய இடமெல்லாம் தாவும் புழு அது. இரண்டாம் கணினியிலும் கோப்புறைகள் யாவும் மறைந்து, அவை இருந்த இடத்தில் வளைந்த அம்புக்குறி போட்ட போலிகள் நின்றன. மீட்கப் போன மறவரே பகைவனை முதுகில் சுமந்துபோய் அடுத்த கோட்டையில் இறக்கிவைத்த கதையாயிற்று.

"என் சிஸ்டத்துலயும் கை வெச்சிட்டீங்களா" என்றார் பிரியதர்ஷினி, தலை நிமிராமல்.

அவ்வேளையில் பேனர் எந்தமட்டில் இருக்கிறது என்று பார்க்கவந்தார் பெரியண்ணன். அக்காளின் கணவர், விழாவின் தலைவர், பேனரில் ஏழாம் தலை. அவரைக் கண்டதும் சென்னப்பன் நாற்காலியை உதைத்து எழுந்து, எண்டிசையும் அதிர முழங்கினார்: இக்கோட்டையின் வாயிலைப் பகைவனுக்குத் திறந்துவிட்ட துரோகி எவனாயினும், அவன் முகம் என் குலப் பதாகையில் இனி இராது. காவிய நலம் கருதி நாம் இவ்வாறு எழுதினோம். அவர் சொன்னது, "எவன் பண்ணானோ தெரியல மாமா, அவன் மூஞ்சிய பேனர்லருந்து தூக்கிருவேங்க" என்பது.

"எம் பென்டிரைவ்ல எங்கூட்டு கிரகப்பிரவேச போட்டோ மட்டுந்தான் மச்சான் இருந்துச்சு" என்றார் பெரியண்ணன், முன்ஜாக்கிரதையாக.

அடுத்து வந்தவன் ஒற்றன். அவன் ஆர்ப்பரிப்பதில்லை; மூலையில் குந்தி, என்ன தட்டுகிறார்கள், எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று குறித்துக்கொள்பவன். கணினியில் சென்னப்பனின் வாட்ஸப் திறந்தபடி கிடந்தது. அதன் வழியே உறவினர் குழு முழுமைக்கும், பத்தே நாளில் பன்னிரண்டு கிலோ இளைத்தேன், நீங்களும் இதைத் தொடுங்கள் என்று சென்னப்பன் பெயராலேயே ஓலை போயிற்று. இரண்டு நிமிடத்தில் அதியமான்கோட்டைச் சித்தி அழைத்தார்.

"ஏஞ்சாமி, நீ அனுப்புனத தொட்டேன். ஒன்னும் எளைக்கலியே."

"தொடாதீங்க சித்தி. அது நான் அனுப்பல."

"மூணு தடவ தொட்டுட்டேனே."

இவ்வாறு உறவுப்படை ஒருபுறம் வீழ்ந்துகொண்டிருக்க, இறுதியாக எழுந்தருளினான் பகைவர் தளபதி. தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி வருவதைக் கண்ணாடியில் கண்ட ஓட்டுநனைப்போல் சென்னப்பன் உறைந்தார். திரை கறுத்தது. குருதிச் சிவப்பில் ஆங்கில எழுத்துகள் எழுந்தன. தொண்ணூற்று மூன்று தலைகளும் பூட்டப்பட்டன. ஒவ்வொரு படத்தின் பெயருக்குப் பின்னும் வாயில் நுழையாத ஒரு வால் முளைத்தது. திறவுகோல் வேண்டுமாயின் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள், கண்ணால் காணவியலாத நாணயத்தில் பணயம் செலுத்துக என்றது ஓலை.

பெரியண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை உற்றுநோக்கினார். "இது எந்த ஊரு காசு மச்சான்? ஆள் யாருன்னு சொல்லு, நாலு பேரோட போயி பேசிப் பாக்கலாம்."

சென்னப்பன் தம் கடைசி நம்பிக்கையான காவல் மென்பொருளை விளித்தார். அது துயின்றுகொண்டிருந்தது. காலை ஒன்பது பத்துக்கு யாரோ அதை நிறுத்தி வைத்திருப்பதாகக் காட்டியது. அதைக் கண்ட வேந்தன் மனத்தில் ஓர் ஐயம் எழுந்து, எழுந்த இடத்திலேயே அமுக்கப்பட்டது. ஆயுத பூசையன்று கணினிப் பெட்டியின்மேல் வைத்த எலுமிச்சை காய்ந்து கறுத்திருப்பது அவர் கண்ணில் பட்டது. ஆகா, இதுவே காரணம் என்று பஜ்ஜிக் கடையிலிருந்து புதுப்பழம் ஒன்றை வருவித்து, முறைப்படி குங்குமம் இட்டு அமர்த்தினார். தளபதி அசையவில்லை. மணி மூன்று முப்பத்தைந்து.

அப்போது பிரியதர்ஷினி எழுந்தார். சங்கு ஊதவில்லை, முரசு அறையவில்லை. சுவரோரம் குனிந்து இணைய வயரைப் பிடுங்கினார்.

"ஏங்க, முழு பேனரையும் நேத்து சாயங்காலமே குரூப்ல போட்டீங்கல்ல, அவங்கவங்க தலைய சரிபாத்துக்கட்டும்னு. டாக்குமெண்டாதான போட்டீங்க? எம் போன்ல அப்பிடியே கெடக்குது. அதையே உசேன் அண்ணனுக்கு அனுப்பிடறேன்."

தலையின் அங்குலத்தில் நம்பிக்கையில்லாத உறவின்முறை வாழி. அவர்களின் அவநம்பிக்கையால் அப்பேனர் ஒரு நகல் அல்ல, தொண்ணூறு கைப்பேசிகளில் தொண்ணூறு நகலாய்ப் பத்திரமாய் இருந்தது. பெரியண்ணன் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார். ஆனால் வெற்றி வாயிலுக்கு வந்த அக்கணத்தில், சென்னப்பன் தம் மனைவிக்கும் கைப்பேசிக்கும் குறுக்கே பாய்ந்தார்.

"அது வேணாம். அது பழசு."

"பழசா? நேத்து சாயங்காலம் போட்டதுங்க."

"இல்ல, காலைல கொஞ்சம் சரி பண்ணேன். அதத்தான் அனுப்பணும்."

பெரியண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "நேத்தே எல்லாரும் பாத்து சரின்னுட்டாங்களே மச்சான். முடிஞ்சிபோன பேனர்ல காலைல உனக்கு என்ன வேல?"

பென்னாகரம் பேருந்து நிலையத்தில் ஒகேனக்கல் பேருந்து மூன்றுமுறை ஒலியெழுப்பிப் புறப்பட்டுப் போயிற்று. சென்னப்பன் எலுமிச்சையை ஒருமுறை தொட்டு நேராக்கினார். மூன்று நாற்பத்தேழுக்குப் பிரியதர்ஷினியின் கைப்பேசியிலிருந்து முந்தைய நாள் கோப்பே தருமபுரி சென்றது. உசேன் கட்டைவிரல் காட்டினார். மறுநாள் வைகறையில், வானளாவிய சவுக்குக் கழிகளிடையே அப்பதாகை எழுந்தது. பங்காளிகள் வந்தார்கள், அளந்தார்கள், தத்தம் தலை தத்தம் இடத்தில் இருக்கக் கண்டு பந்தியில் அமர்ந்தார்கள். ஒரு வேனும் திரும்பவில்லை. குழந்தை தாய்மாமன் மடியில் அமர்ந்து, பேனரையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, காது குத்தியதும் அழுதது.

காவல் மென்பொருளை நிறுத்திவிட்டு, பேனரில் தம் வழுக்கைத் தலைக்கு முடி வைக்க ஏதோ ஒரு இலவச சாஃப்ட்வேரை இறக்கியவர் சென்னப்பன்தான்.